தொப்பை மேலே ஏறிய எஸ்

அத்தியாயம் 5

அந்தப் பலகை ஒருவழியாகக் கண்ணில் பட்டபோது, கொழுந்தனின் கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தன.

“அண்ணி, அதோ!” என்று அவன் போட்ட சத்தத்தில், பக்கத்தில் போன சைக்கிள்காரர் சைக்கிளை விட்டு இறங்கியே விட்டார்.

“கண்டுபிடிச்சது சரி. ஊரைக் கூட்டாதே” என்றாள் அண்ணி.

அண்ணி இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் துருவியவள். தீயில் சாம்பலாகிவிட்டதாகச் சொல்லப்பட்ட சரக்கையெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து பேர் வாங்கியவள். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது, உதவிக்கு ஆள் தேடினாள். கணவனின் தம்பி வீட்டில் சும்மா இருந்தான். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. வேலைக்குச் சேர்த்துக்கொண்டால் பகலிலாவது வீடு அமைதியாக இருக்கும் என்று மாமியார் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், அவன் உதவியாளன் ஆனான். இதுதான் அந்த நிறுவனத்தின் முழு வரலாறு.

இப்போது இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பலகையில் நான்கு பெரிய ஆங்கில எழுத்துகள். ஒரு பி, ஒரு ஓ, இரண்டு எஸ். ‘பாஸ்’. சாதாரண எழுத்துகள் இல்லை. பழைய காலத்து ராஜசபையில் யாரோ அகலமான இறகுப் பேனாவை மையில் முக்கி, நாளெல்லாம் உட்கார்ந்து எழுதியது போன்ற எழுத்துகள். பட்டையான உடம்பு, ஊசி முனை, போகிற போக்கில் சுருண்டு கொள்ளும் வால்.

இந்த எழுத்துரு வெளி உலகில் எங்குமே இருக்கக் கூடாது. அதுதான் வழக்கே.

கம்ப்யூட்டருக்கு எழுத்துகள் வரைந்து தருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், நான்கு வருடம் மாய்ந்து மாய்ந்து இதை வரைந்து ‘கோட்டைவாசல்’ என்று பெயரும் வைத்திருந்தார். கோட்டை, குதிரை, வாள்சண்டை என்று விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி, உலகத்தில் எங்களைத் தவிர யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டது. விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. அதற்குள் நேற்று அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவர் பஸ் ஜன்னல் வழியாக ஒரு பலகையைப் பார்த்துப் படம் பிடித்துவிட்டார். ஆடிப்போன படம். ‘பாஸ்’ என்ற எழுத்துகளைத் தவிர அதில் வேறு எதுவும் விழவில்லை; எந்த இடம் என்று எடுத்தவருக்கே நினைவில்லை. கம்பெனி மேலாளர் எழுத்துக்காரரைக் கூப்பிட்டு, திருடியது யார் என்று இன்று மாலைக்குள் பெயர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லிவிட்டார்.

கம்பெனிக்கு வெளியே அந்த எழுத்துரு இருந்த ஒரே இடம் எழுத்துக்காரரின் கம்ப்யூட்டர்; அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கி, மாமாவிடமே தொழில் கற்று, மாமாவுக்கே உதவியாக இருக்கும் மச்சினன். எழுத்துக்காரர் யோசிக்கவே இல்லை. மாலையில் அவன் பெயரைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். இந்தத் தொழிலில் திருடன் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் அப்புறம் ஒருவரும் வாசலில் சேர்க்க மாட்டார்கள். பையனின் பிழைப்பு அதோடு போயிற்று.

அண்ணியைத் தேடி வந்தது எழுத்துக்காரரின் மனைவி. “என் தம்பி செஞ்சிருந்தா நானே அவன் பேரைச் சொல்றேன். செய்யலேன்னா இவர் சொல்லக் கூடாது. அவ்வளவுதாங்க எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பஸ்ல இருந்து எடுத்த படம். கம்பெனி வாசல் வழியாப் போற பஸ் ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் அண்ணி. காலையில் எழுத்துக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய் வந்த பிறகு, அந்தப் பஸ் போகிற பாதை முழுவதும் இருவரும் நடந்தார்கள். ஸ்கூட்டரில் போனால் பலகை தப்பிவிடுமாம். கொழுந்தனின் கால் தப்பவில்லை.

“திருட்டுப் பொருளைத் தலைக்கு மேல மாட்டி விளக்கு வேற போட்டிருக்காங்க அண்ணி. தைரியத்தைப் பாருங்க.”

“அதான் எனக்கும் இடிக்குது. நீ அந்த எஸ்ஸைக் கொஞ்சம் நல்லாப் பாரு. பக்கத்துச் செருப்புக் கடை போர்டுலயும் ஒரு எஸ் இருக்கு. அதையும் பாரு.”

கொழுந்தன் இங்கும் அங்கும் மாறி மாறிப் பார்த்தான். செருப்புக் கடை எஸ்ஸுக்கு மேல் வளைவு சின்னதாகவும் கீழ் வளைவு பெரிதாகவும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷன் போல. இந்த எஸ்...

“இதுக்குத் தொப்பை மேல ஏறி நெஞ்சுல உட்கார்ந்திருக்கு!”

“உன் செல்போன்ல படம் எடுத்து, போனைத் தலைகீழாத் திருப்பு.”

திருப்பினான். தொப்பை இறங்கி அதன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. எழுத்து அப்படியே அம்சமாக இருந்தது.

“தலைகீழா மாட்டியிருக்காங்க!”

“கம்ப்யூட்டர்ல எஸ்ஸைத் தட்டினா தலைகீழா விழுமா? விழாது. அப்ப இது கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததில்ல. தாள்ல இருந்து வந்தது. ஒரு தாளுக்கு ஒரு பெரிய எழுத்து. பியைத் தலைகீழாப் பிடிச்சா எவனுக்கும் தெரிஞ்சிடும். எஸ்ஸைப் பிடிச்சா தெரியாது. சரி, அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?”

கீழே சின்னதாக ‘ஆண்களுக்கான குளிர்சாதன சலூன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. மொட்டை மொட்டையான, எந்தக் கடையிலும் பார்க்கிற எழுத்து.

“முழு எழுத்துருவும் கையில இருந்தா அதையும் கோட்டைவாசல்லயே போட்டிருப்பாங்க இல்ல? போடல. ஏன்? இல்ல. இந்தக் கடைக்காரர்கிட்ட இருந்ததே மொத்தம் மூணு எழுத்து.”

“மூணு எழுத்தைத் திருடுறதுக்கு ஒரு திருடனா? அவன் வீட்டுல என்ன சொல்லிக்குவான்?”

“உள்ளே போய்க் கேப்போம். ஆனா சும்மா போய்க் கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க” என்று சொல்லிய அண்ணி, கொழுந்தனின் தலையைக் கரிசனமாகப் பார்த்தாள். “முடி கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு.”

“அண்ணி, வேண்டாம். ஆறு மாசம் வளர்த்த கிருதா.”

“தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு கொழுந்தனாரே.”

சலூனில் வேறு வாடிக்கையாளர் இல்லை. நாற்காலிக்கு முன்னால் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி. பின்னாலும் அதே அளவில் ஒரு கண்ணாடி. கொழுந்தன் உட்கார்ந்தபோது அவனைப் போல இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து, இருபது பேரும் பரிதாபமாக விழித்தார்கள். சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறிக் கட்டினார். அண்ணி பின்னால் இருந்த பெஞ்சில் ஒரு பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“பேர் நல்லா இருக்கே. பாஸ்!”

“புதுசு மேடம். முன்னாடி வேற பேரு. இப்பத்தான் மாத்தினேன்.”

“ஏன் மாத்துனீங்க?”

“நல்ல எழுத்து கிடைச்சுது. அதான்.”

“எல்லாரும் பேரை வெச்சிட்டு எழுத்து தேடுவாங்க. நீங்க எழுத்தை வெச்சிட்டுப் பேர் தேடினீங்களா?”

“வேற வழி? கையில இருந்தது பி, ஓ, எஸ். இதை வெச்சு என்ன பேர் வரும்னு நானும் என் வீட்டுக்காரியும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டோம். கடைசியில என் மாமனார்தான் பாஸ்னு சொன்னாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே மரியாதையான வார்த்தை அதுதான் மேடம்.”

“யார் குடுத்தாங்க அந்த எழுத்தை?”

கத்தரி சட்டென்று நின்றது. நின்ற இடம் இடது கிருதா. அதில் பாதி, கொழுந்தனின் மடியில் வந்து விழுந்தது.

“அதை மட்டும் கேக்காதீங்க மேடம். இந்த நாற்காலியில உட்கார்றவங்க விஷயம் எதுவும் வெளியே போனதில்ல. யாருக்குச் சாயம், யாருக்கு விக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். எங்கேயாவது வாயைத் திறந்திருக்கேனா?”

“அண்ணே, என் கிருதா...” என்றான் கொழுந்தன்.

“அந்தப் பக்கமும் சமமா எடுத்திடறேன் தம்பி, கவலைப்படாதீங்க.”

அண்ணி பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினாள். “பேரைச் சொல்ல வேண்டாங்க. அவர் உங்ககிட்ட முடி வெட்டிக்குவாரா?”

“முடியா? இன்னிக்கு வரைக்கும் அவர் முடியில என் கத்தரி பட்டதே இல்ல.” சலூன்காரருக்கு இந்தக் கேள்வியில் ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை. தாராளமாகப் பேசினார். “வாரத்துக்கு ஒரு தடவை வருவாரு. யாரும் பாத்துடக் கூடாதுன்னு பின்பக்கச் சந்து வழியாத்தான் வருவாரு, போவாரு. ஒரு எழுத்து போட்ட தாளைக் கையில பிடிச்சிக்கிட்டு, கண்ணாடியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. ‘இது எப்படி இருக்கு, தூரத்துல இருந்து எடுப்பாத் தெரியுதா, போர்டுல போட்டா நல்லா இருக்குமா’ன்னு என்னைக் கேப்பாரு. சூப்பர் சார்னு சொல்லுவேன். முகம் அப்படியே பூத்துடும். போறப்போ வெட்டுக் கூலியை வெச்சிட்டுத்தான் போவாரு. ஒண்ணும் செய்யாம வாங்க எனக்கு மனசு கேக்குமா? கழுத்துல கொஞ்சம் பவுடராவது போட்டு விட்டுடுவேன்.”

“அந்தத் தாளெல்லாம்?”

“சில தாளை, ‘இது வேண்டாம், கிழிச்சுப் போட்டுடு’ன்னு கொடுத்துட்டுப் போயிடுவாரு. அதைப் போய் யாராவது கிழிப்பாங்களா மேடம்? நமக்கு போர்டு எழுதிக் கொடுக்கணும்னு ஆசை, வெளிப்படையாச் சொல்லக் கூச்சம்னு நான் புரிஞ்சிக்கிட்டேன். பெரிய மனசு. அவர் பார்த்து அசந்து போகட்டும்னுதான் சொல்லாமலே போட்டுட்டேன். இன்னும் அவர் கண்ணுல படல.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சதுரத் தாளை எடுத்துக் காட்டினார். தாள் முழுக்க ஒரு எஸ். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று அதில் யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. அண்ணி அதை வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். கண்ணாடியில் எஸ் இடம் வலம் மாறித் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் காதோரத்தைத் தடவிப் பார்த்தான். இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

“போனது போகட்டும் அண்ணி. வழக்கு முடிஞ்சுது. காலையில அந்த வீட்டுல மச்சினனைப் பார்த்தோமே, தோள் வரைக்கும் முடி வளர்த்துக் கொண்டை போட்டிருந்தானே! முடியில கத்தரி பட்டதே இல்லைன்னா வேற யாரு? பாவம் அந்த அக்கா.”

“எழுத்துக்காரர் வீட்டுக்கு ஒரு ஆட்டோவைப் பிடி” என்றாள் அண்ணி.

எழுத்துக்காரரின் அறையில் காலையில் பார்த்த மாதிரியே எல்லாம் இருந்தது. சாய்வு மேஜை, விதவிதமான நிப்புகளோடு பேனாக்கள், உருண்டு கிடக்கும் காகிதப் பந்துகள். அவரும் காலையில் பார்த்த மாதிரியே கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கைபேசியை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து அழைப்பு வர வேண்டிய நேரம். மனைவி கதவோரமாக நின்றிருந்தாள். மச்சினன் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். அவன் முகத்தைப் பார்க்கக் கொழுந்தனுக்கே சங்கடமாக இருந்தது.

“ஆள் கிடைச்சுதா?” என்று கேட்டார் எழுத்துக்காரர்.

“கிடைச்சாச்சு சார்” என்று அண்ணிக்கு முந்திக்கொண்டான் கொழுந்தன். அவன் வாய் எப்போதுமே அவனைவிட ஒரு அடி முன்னால் போகும். “ஒரு சலூன். அங்கதான் உங்க தாளெல்லாம் போயிருக்கு. கொண்டுபோய்க் கொடுத்தவர், முடியே வெட்டிக்காத ஆளு.”

அறையில் இருந்த எல்லாக் கண்களும் மச்சினனின் கொண்டைக்குப் போயின. அக்காக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் அப்பவே சொன்னேனா இல்லையா!” என்று எழுத்துக்காரர் எழுந்தார்.

“மாமா, சத்தியமா எனக்கு...”

“பேசாதே!”

“எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க” என்றாள் அண்ணி. “முடி வெட்டிக்காதவங்கள்ல ரெண்டு வகை இருக்காங்க. ஆசையா வளர்க்கறவங்க ஒண்ணு. வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லாதவங்க இன்னொண்ணு. சார், அந்தத் தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்க.”

எழுத்துக்காரரின் கை தானாகத் தொப்பியைப் பிடித்துக்கொண்டது.

“கழட்ட மாட்டாரு. தூங்கறப்பகூடக் கழட்ட மாட்டாரு” என்றாள் மனைவி தரையிலிருந்து. “உள்ளே சுத்தமா வழுக்கை.”

“தெரியும்மா. காலையில நாங்க வந்தப்போ இவர் குனிஞ்சு ஏதோ வரைஞ்சிட்டு இருந்தாரு. பின்கழுத்துல அப்பிவெச்ச மாதிரி பவுடர். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா தொப்பிக்குள்ள ஒண்ணுமே இல்லாத மனுஷனுக்குச் சலூன் பவுடர் எங்கேயிருந்து வந்துது? சொல்லுங்க சார். வாரா வாரம் பின்வாசல் வழியாப் போய், கண்ணாடி முன்னாடி எழுத்தைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தது நீங்கதானே?”

எழுத்துக்காரர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“நம்மளே வரைஞ்சதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பழகிடும். குறை தெரியாது. கண்ணாடியில திருப்பிப் பார்த்தா புதுசாப் பார்க்கற மாதிரி இருக்கும். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்யறதுதான்” என்றார் தரையைப் பார்த்து.

“வீட்டுல கண்ணாடி இல்லையா?” என்று கேட்டாள் மனைவி.

“இருக்கு. அது முன்னாடி நின்னா நீ வருவே. இவன் வருவான். இந்த வளைவு சரியில்ல, அந்த முனை சரியில்லன்னு இவன் ஏதாவது சொல்லுவான். அவன் சொல்றது சரியாத்தான் இருக்கும். அதான் எனக்குப் பிடிக்கல. சலூன்காரர் எதைக் காட்டினாலும் சூப்பர் சார்னு சொல்லுவாரு.” அவர் குரல் உடைந்தது. “இன்னிக்குக் காலையிலகூட அங்கதான் போனேன். என் சொந்த மச்சினனே திருடிட்டான்னு சொல்லி அந்தச் சலூன்காரர் தோள்ல சாய்ஞ்சு அழுதேன். அவரும் கூடவே அழுதாரு.”

“அந்த போர்டுக்கு நேர் கீழயா!” என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

கைபேசி அலறியது. யாரும் அசையவில்லை. மனைவி எழுந்து வந்து, அதை எடுத்துச் சத்தமாகக் கேட்கும்படி வைத்துக் கணவன் முன்னால் நீட்டினாள்.

“சொல்லுங்க. என் தம்பி பேரைச் சொல்றதுக்கு அவ்வளவு அவசரப்பட்டீங்களே. இப்ப சொல்லுங்க.”

“சார், பேர் தெரிஞ்சுதா?” என்றது மேலாளரின் குரல்.

எழுத்துக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “தெரிஞ்சுது. நான்தான்.”

“நீங்களா? உங்க எழுத்தை நீங்களே திருடினீங்களா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சலூன், கண்ணாடி, பவுடர், ஒன்றையும் விடவில்லை. நடுவில் அண்ணி எட்டிப்பார்த்து, “சார், போர்டுல இருக்கிற மூணும் இவர் வேண்டாம்னு ஒதுக்கினது. உங்ககிட்ட இருக்கறதோட ஒப்பிட்டுப் பாருங்க” என்றாள். அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“ஆமா. வேற வேறதான். அந்த எஸ் என்னங்க அப்படி இருக்கு? சரி, எங்களுக்குப் பிரச்சினை இல்ல. அடுத்த தடவை ஒரு கண்ணாடி வாங்கி வீட்டுலயே மாட்டிக்கங்க.”

அழைப்பு முடிந்தது. ஒப்பந்தம் பிழைத்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சினன் குனிந்து பையைத் தூக்கினான்.

“நான் கிளம்பறேன் அக்கா.”

“டேய், அதான் எல்லாம் சரியாப் போச்சே!”

“எல்லாம் சரியாப் போச்சு. ஆனா மாமாவுக்கு முதல்ல ஞாபகம் வந்தது என் பேருதானே?”

அவன் படி இறங்கினான். கொழுந்தன் ஒரு வேடிக்கையாவது சொல்லலாம் என்று தேடிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை.

எழுத்துக்காரர் வெறுந்தலையோடு எழுந்து மேஜையைக் கிளறினார். மன்னிப்புக் கேட்கும் வித்தை அவருக்குத் தெரியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. காலையில் வரைந்திருந்த ஒரு தாளை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடி, கடைசிப் படியில் நின்ற மச்சினன் முன்னால் அதைப் பிடித்தார்.

“மாப்ளே, இதை இன்னும் யாருக்கும் காட்டல. நீ பார்த்துச் சொல்லு.”

மச்சினன் தாளைப் பார்த்தான். ஒரு பெரிய ஆர். தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தான். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வால் ரொம்ப நீளம் மாமா” என்றான். “பாதி போதும்.”

எழுத்துக்காரரின் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சட்டைப் பையில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அதை அவனிடம் நீட்டினார்.

அவன் பையைக் கீழே வைத்தான்.